டீசல் பிக்கப்பில் எஞ்சின் விளக்கு எரிகிறதா? ஒர்க்‌ஷாப் போவதற்கு முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது. பக்கத்திலேயே புகை வடிகட்டி நிரம்பிவிட்டது என்றோ, இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான் ஓடும் என்றோ ஓர் எச்சரிக்கை. டீசல் பிக்கப் புதிதாக வாங்கியவர்களைக் கதிகலங்க வைக்கும் காட்சி இது. என் வண்டியில் இது வந்தபோது டிபிஎஃப்பை, அதாவது கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியை, முழுசாக மாற்றச் சொன்னார்கள். வண்டியிலேயே விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. கடைசியில் பார்த்தால் டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் ஹோஸில் ஒரு கிழிசல். அதனால் காற்று குறைந்து, கரி கூடி, வடிகட்டி சீக்கிரம் நிரம்பியிருக்கிறது. புது வடிகட்டி போட்டிருந்தாலும் அதுவும் அப்படியேதான் நிரம்பியிருக்கும்.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் கணினி பதிவு செய்யும் எரர் கோட் எந்தப் பாகத்தின் பெயரைச் சொல்கிறதோ அதைக் கழற்றி வீசுவது, புகார் கொடுக்க வந்தவனையே பிடித்து உள்ளே போடுவது மாதிரி. கோட் என்பது புகார் மட்டும்தான். விசாரணையை நீங்கள்தான் செய்ய வேண்டும். அதில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

புகை எந்த வழியில் போகிறது என்று ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சினிலிருந்து வரும் புகையில் ஒரு பங்கை இஜிஆர் வால்வு திரும்ப உள்ளே அனுப்பும். மீதி டர்போவைத் தாண்டி டிஓசி என்ற, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்டுக்குப் போகும், பிறகு டிபிஎஃப். அதன்பின் யூரியா கலந்த டெஃப் திரவம் தெளிக்கப்பட்டு, எஸ்சிஆர் என்ற இன்னொரு கேட்டலிஸ்டில் நாக்ஸ் எனப்படும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு குறையும். சில வண்டிகளில் இந்த வரிசை சற்று மாறும். வழி நெடுக வெப்ப சென்சார்கள், டிபிஎஃப்புக்கு ஓர் அழுத்த சென்சார், எஸ்சிஆருக்கு முன்னும் பின்னும் நாக்ஸ் சென்சார்கள். முன்னால் நடக்கும் தவறு பின்னால் இருப்பவர் தலையில் விழும். இதை மறக்காதீர்கள்.

1. கோட்களை அழிக்காதீர்கள், எழுதி வையுங்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருக ஒரு ஸ்கேனர் வேண்டும். மிகவும் மலிவான வகை, கோட்களைப் படிப்பதோடும் அழிப்பதோடும் நின்றுவிடும். அது போதாது. சென்சார் அளவுகளை ஓடும்போதே காட்டக்கூடியதும், உங்கள் வண்டியின் டீசல் பகுதிக்குள் நுழையக்கூடியதுமாகப் பார்த்து வாங்குங்கள். டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிக்கும் வேலையை, அதாவது ரீஜெனை, துவக்கி வைக்கும் வசதியும் இருந்தால் நல்லது. விலை கொஞ்சம் கூடும்தான். ஆனாலும் தேவையில்லாமல் வாங்கும் ஒரே ஒரு நாக்ஸ் சென்சாரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இப்போது நிற்கும் கோட்கள், இன்னும் உறுதியாகாத கோட்கள், நிரந்தரக் கோட்கள் என்று எல்லாவற்றையும் படித்து எழுதுங்கள். கோட்களோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பதிவும் இருக்கும். கோளாறு வந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்று அது சொல்லும். கோட்களை அழித்த மறுநொடி இந்தப் பதிவும் போய்விடும். கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பல கோட்கள் ஒன்றாக வந்திருந்தால், புகைப் பாதையில் யார் முன்னால் இருக்கிறார் என்று பாருங்கள். டர்போ அழுத்தம் போதவில்லை என்ற பி0299, டிபிஎஃப்பில் கரி சேர்ந்துவிட்டது என்ற பி2463 இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் தேட வேண்டியது காற்றுக் கசிவை. சென்சார் மின்சுற்றுக் கோளாறு என்று ஒரு கோட் இருந்தால் அதையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். பொய் சொல்லும் சென்சாரை வைத்துக்கொண்டு மற்ற எதையும் சோதிக்க முடியாது.

2. காகிதங்களை எடுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வாரண்டிப் புத்தகத்தைத் திறங்கள். பல நாடுகளில் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கு என்று தனி வாரண்டி உண்டு, வண்டியின் பொது வாரண்டி முடிந்த பிறகும் அது நீளலாம். புத்தகத்தின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். அடுத்து, சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு ரீகால் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பாகங்களின் கோளாறுகளில் சில மென்பொருளைப் புதுப்பித்தாலே சரியாகிவிடும் வகை.

சர்வீஸ் பில்களையும் ஓரிடத்தில் சேருங்கள். எந்த ஆயில் ஊற்றப்பட்டது என்பது முக்கியம். டிபிஎஃப் உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் போட வேண்டும். ஏசிஇஏ சி3, ஏபிஐ சிகே-4 என்று வகைகள் உண்டு, உங்கள் வண்டிக்கு எது என்று கையேடு சொல்லும். தவறான ஆயிலை ஊற்றி ஓட்டியது பில்லில் தெரிந்தால், வாரண்டி கேட்கும் இடத்தில் உங்கள் பேச்சு எடுபடாது.

வாரண்டி இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பார்க்கலாம், படம் எடுக்கலாம், எதையும் கழற்ற வேண்டாம்.

3. கண்ணும் கையும் போதும்

முதலில் பேட்டரி. எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆன பின், முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இது தளர்ந்திருந்தால் சென்சார்களும் மாட்யூல்களும் கண்டபடி கோட் போடும். நாலைந்து கோட்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வந்திருந்தால் என் சந்தேகம் முதலில் பேட்டரி மேலும், எர்த் ஒயர் மேலும்தான் போகும்.

அப்புறம் ஆயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்துப் பழகியவர்கள் இங்கே கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாக டீசல் தெளிக்கும்போது, அதில் கொஞ்சம் ஆயிலில் கலந்துவிடும். ரீஜென் பாதியில் நின்றுகொண்டே இருந்தால் ஆயில் மட்டம் ஏறும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலை மாற்றாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கூலன்ட் எங்கும் ஒழுகாமல் குறைந்துகொண்டே வருகிறதா? வெள்ளைப் புகையில் இனிப்பு வாடை வருகிறதா? இஜிஆர் கூலர் உள்ளே கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். கூலன்ட் புகைக்குழாய்க்குள் போனால் பின்னால் இருக்கும் கேட்டலிஸ்டும் வடிகட்டியும் பாழாகும். இதை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம்.

டர்போ ஹோஸ்களைச் சும்மா மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. என் வண்டியின் கிழிசல் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்புக்கு ஒட்டி இருந்தது. எஞ்சின் நிற்கும்போது ரப்பரின் இரு உதடுகளும் ஒட்டிக்கொண்டு ஒரு கோடு போலத்தான் தெரியும். கட்டை விரலால் அழுத்தி வளைத்தபோதுதான் வாய் திறந்தது. அந்த இடத்தைச் சுற்றி எண்ணெயும் தூசியும் கலந்த கரும்பிசின் படிந்திருந்தது, மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. நீங்களும் அந்த ஈரப்பிசினைத்தான் தேட வேண்டும். கையை விட்டுத் தடவிப் பாருங்கள், டார்ச் வெளிச்சத்தில் கைபேசி கேமராவை அடியில் நீட்டிப் பாருங்கள்.

டிபிஎஃப் அழுத்த சென்சாருக்குப் போகும் இரண்டு சின்னக் குழாய்களையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சூட்டில் வெடித்திருக்கும், உருகியிருக்கும், கரி அடைத்திருக்கும். முன்பு யாராவது கழற்றி இடம் மாற்றி மாட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அடைப்பு எடுக்கக் காற்று ஊதுவதென்றால் குழாயைச் சென்சாரிலிருந்து பிரித்து, வடிகட்டிப் பக்கமாக ஊதுங்கள். சென்சாருக்குள் ஊதினால் அது அன்றோடு சரி.

கடைசியாக, எஞ்சின் ஆறிய நிலையில் சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். நல்ல டிபிஎஃப் உள்ள வண்டியில் விரல் ஏறக்குறைய சுத்தமாகவே வரும். மையாகக் கரி ஒட்டினால் வடிகட்டி உள்ளே விரிசல் விட்டிருக்கலாம்.

4. இரவு முழுவதும் நின்ற வண்டியில் ஐந்து நிமிடச் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் அளவுகளைப் பாருங்கள்.

இரவு முழுக்க நின்றதால் எல்லா வெப்ப சென்சார்களும் வெளிக்காற்றின் சூட்டையே காட்ட வேண்டும். கூலன்ட், உள்ளே வரும் காற்று, புகைக்குழாயில் இருக்கும் மூன்று நான்கு சென்சார்கள் எல்லாமே சில டிகிரி வித்தியாசத்துக்குள் ஒன்றாக நிற்கும். மற்றவையெல்லாம் 25 டிகிரி காட்டும்போது ஒன்று மட்டும் 120 காட்டினால் ஆள் அகப்பட்டுவிட்டார். சாவியைத் திருப்பியது தவிர வேறு செலவே இல்லை.

டிபிஎஃப் அழுத்த வித்தியாசம் பூஜ்யம் காட்ட வேண்டும். எஞ்சினே ஓடவில்லை, வடிகட்டியில் என்ன அழுத்தம் இருக்க முடியும்? பூஜ்யத்திலிருந்து தெளிவாக விலகி நின்றால் சென்சார் அல்லது ஒயரிங். அதேபோல எஞ்சின் காற்றழுத்த சென்சாரும் வளிமண்டல அழுத்த அளவும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல், மலைப்பகுதியில் குறையும்.

சந்தேகப்பட்ட சென்சாரின் கனெக்டரைப் பிரித்துப் பார்க்காமல் புதுசு வாங்காதீர்கள். பச்சை பூத்த பின், தண்ணீர் புகுந்த கனெக்டர், புகைக்குழாயில் பட்டு உருகிய ஒயர் ஆகியவைதான் பல சமயம் காரணம். பிக்கப்பின் அடிப்பகுதி சேற்றிலும் கல்லிலும் அடிபடும், எலிக்கும் ஒயர் பிடிக்கும்.

5. எஞ்சின் சூடான பிறகு டிபிஎஃப்

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, நியூட்ரலில் நிறுத்தி அழுத்த வித்தியாசத்தைப் பாருங்கள். ஐடிலில் மிகக் குறைவாக இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினால் சீராக ஏற வேண்டும், விட்டால் இறங்க வேண்டும். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் எண் அசையவில்லை என்றால் குழாய் பிரிந்திருக்கும், சென்சார் செத்திருக்கும், அல்லது வடிகட்டி உடைந்திருக்கும். ஐடிலிலேயே உயரத்தில் நின்றால் நிஜமாகவே அடைப்பு.

அடைப்பில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். கரி எரியும். சாம்பல் எரியாது. சாம்பல் என்பது ஆயிலில் இருந்த உலோகச் சேர்மங்கள் எரிந்து மிஞ்சியது, அதை எத்தனை ரீஜென் செய்தாலும் போகாது. வடிகட்டியைக் கழற்றி, அதற்கென்று இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். பி242எஃப் என்ற கோட் வந்தால் அது சாம்பலைப் பற்றிய புகார். புது வடிகட்டி விலை கேட்டு மயங்குவதற்கு முன் சுத்தம் செய்யும் செலவைக் கேளுங்கள், இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்கும். உயர் அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவும் வீட்டு வைத்தியம் வேண்டாம். உள்ளே இருக்கும் பீங்கான் பூச்சு அதற்குத் தாங்காது, கழுவிய கரித்தண்ணீரும் நச்சு.

6. ரீஜென் செய்வது

கரியை எரிக்க வடிகட்டி ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி இதைத் தானே செய்துகொள்ளும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் ரீஜென் தொடங்கும்போதே சாவி ஆஃப் ஆகிவிடும். ஐடில் வேகம் சற்றுக் கூடியிருப்பது, நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடுவது, சூடான வாடை, இவையெல்லாம் ரீஜென் நடக்கிறது என்பதற்கு அடையாளம். அப்போது முடிந்தால் இன்னும் கொஞ்சம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஸ்கேனர் மூலம் துவக்கும் கட்டாய ரீஜெனுக்கு முன் தொட்டியில் டீசல் தாராளமாக இருக்க வேண்டும், ஆயில் மட்டம் சரியாக இருக்க வேண்டும், கூலன்ட் சூடாகியிருக்க வேண்டும். வேறு கோளாறு கோட்கள் நிலுவையில் இருந்தால் பல வண்டிகள் ரீஜெனையே அனுமதிக்காது. ஸ்கேனர் மறுத்தால் ஸ்கேனரைத் திட்டாதீர்கள், மீதிக் கோட்களைப் பாருங்கள்.

முதலில் ஓட்டியே முயலுங்கள். நெரிசல் இல்லாத சாலையில் ஒரு கியர் குறைத்து, எஞ்சின் 2000 சுற்றுக்கு மேல் இருக்கும்படி அரை மணி நேரம் சீராக ஓட்டினால் பல சமயம் போதும். நின்ற இடத்தில் செய்வதென்றால் திறந்த வெளி, கான்கிரீட் தரை. காய்ந்த புல் மேலோ சருகு மேலோ நிறுத்தவே கூடாது, தீப்பிடிக்கும். மூடிய ஷெட்டுக்குள் செய்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். குழந்தைகளையும் நாயையும் சைலன்சர் பக்கம் விடாதீர்கள். அதுபாட்டுக்கு நடக்கட்டும் என்று உள்ளே போய் உட்காராதீர்கள், பக்கத்திலேயே இருங்கள்.

நடக்கும்போது டிபிஎஃப்புக்கு முன்னிருக்கும் வெப்பத்தைக் கவனியுங்கள். 550 முதல் 650 டிகிரிக்குள் போய் நிற்க வேண்டும். டிஓசிக்குள் நுழையும் புகை நன்றாகச் சூடாக இருந்தும் வெளியே வரும்போது வெப்பம் ஏறவில்லை என்றால், கூடுதல் டீசல் வரவில்லை அல்லது டிஓசி களைத்துவிட்டது. பெரும்பாலும் அரை மணி நேரத்தைச் சுற்றி முடியும், வண்டியைப் பொறுத்துக் கூடலாம். முடிந்ததும் அழுத்த வித்தியாசம் முன்பைவிடத் தெளிவாக இறங்கியிருக்க வேண்டும்.

கரி அளவு எல்லையைத் தாண்டிவிட்டால் கணினி ரீஜெனை அடியோடு மறுக்கும். அதை ஏமாற்ற வழி தேடாதீர்கள். அவ்வளவு கரி ஒரே சமயத்தில் பிடித்தால் வடிகட்டியே உருகிவிடும்.

7. டெஃப், நாக்ஸ் பக்கம்

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். எஸ்சிஆர் திறன் குறைவு என்ற பி20இஇ வந்தவுடன் கேட்டலிஸ்ட் வாங்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் இரண்டு நாக்ஸ் சென்சார்களையும் மாற்றச் சொல்வார்கள். டெஃப்பிலிருந்து தொடங்குங்கள்.

டெஃப் என்பது 32.5 சதவீதம் யூரியா, மீதி அயனி நீக்கிய தண்ணீர். வெயிலில் கிடந்தால் கெடும். 30 டிகிரிக்குக் கீழே வைத்தால் ஓராண்டுக்குப் பக்கம் தாங்கும், அதற்கு மேல் சூட்டில் சீக்கிரம் தளரும். கேனில் தேதியும் ஐஎஸ்ஓ 22241 என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தொட்டியில் இருப்பதைச் சோதிக்க ஒளிவிலகல் மானி என்ற சின்னக் கருவி கிடைக்கும், ஒரு சொட்டு போட்டுக் கண்ணால் பார்த்தால் யூரியா அளவு தெரியும். குழாய்த் தண்ணீர் கலந்திருந்தால் எண் குறையும். பி207எஃப் வந்திருந்தால் இந்தச் சோதனைதான் முதலில்.

டீசல் தவறி டெஃப் தொட்டியில் விழுந்துவிட்டால் சாவியைக் கூடத் திருப்பாதீர்கள். ரப்பர் பாகங்கள் உப்பி, பம்ப் முதல் இன்ஜெக்டர் வரை கெடும். டெஃப் டீசல் தொட்டிக்குள் போனாலும் இதே விதி. இரண்டுக்கும் இழுவை வண்டி கூப்பிடுவதுதான் லாபம்.

டெஃப் சரி என்றால் இன்ஜெக்டர். எஞ்சின் ஆறிய பிறகு கழற்றினால் நுனியில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் படிகம் இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் கரையும், கம்பி வைத்துச் சுரண்ட வேண்டாம். சில ஸ்கேனர்கள் இன்ஜெக்டரை ஓர் அளவுக் குவளைக்குள் தெளிக்க வைக்கும். வந்த அளவைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் பம்ப், ஃபில்டர், குழாய் என்று பின்னோக்கிப் போங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. எஞ்சினை அணைத்த பிறகு டெஃப் பம்ப் சிறிது நேரம் ஓடிக் குழாயில் இருப்பதைத் திரும்ப இழுக்கும். அந்தச் சத்தம் நிற்கும்வரை பேட்டரியைக் கழற்றாதீர்கள்.

இனி நாக்ஸ் சென்சார்கள். குளிர்ந்த எஞ்சினில் இவை வேலை செய்யாது, எண் வரவில்லையே என்று பதற வேண்டாம். நன்றாகச் சூடான வண்டியைச் சமமான சாலையில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரைப் பார்க்கட்டும். முன் சென்சாரின் எண் ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டும், பின் சென்சாரின் எண் அதைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் ஒட்டியே போனால் டெஃப் தெளிக்கப்படவில்லை, தரமில்லை, அல்லது கேட்டலிஸ்ட் செத்துவிட்டது. இந்த மூன்றில் முதல் இரண்டையும் நீங்கள் ஏற்கெனவே சோதித்தாகிவிட்டது. ஒரு சென்சார் மட்டும் எண்ணே தராமலோ ஒரே எண்ணில் உறைந்தோ நின்றால், ஃபியூஸும் ஒயரும் பார்த்துவிட்டு அதை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் ஜோடியாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

8. இஜிஆர் பற்றிக் கொஞ்சம்

பி0401 வந்தால் பெரும்பாலும் கரி அடைப்பு. வால்வைக் கழற்றி அதற்கான ஸ்பிரேயும் பிரஷும் வைத்துத் துடைக்கலாம், மோட்டார் பகுதி நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது கேஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மாட்டிய பின் சில வண்டிகளில் வால்வு திறந்து மூடும் நிலையை ஸ்கேனர் மூலம் கணினிக்கு மறுபடி பழக்க வேண்டும். காற்று அளவு சென்சார் அழுக்காக இருந்தாலும் இதே கோட் வரும் என்பதால், அதையும் அதற்குரிய கிளீனரால் ஒருமுறை சுத்தம் செய்துவிடுங்கள்.

சரி, இத்தனையும் எதற்கு, இஜிஆர், டிபிஎஃப் எல்லாவற்றையும் அடைத்து மென்பொருளை மாற்றித் தருகிறோம் என்று சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். புகைச் சோதனையில் தேறாது, வாரண்டி போய்விடும், விற்கும்போதும் வம்பு. மூல காரணம் காற்றுக் கசிவாக இருந்தால் அது அப்படியே இருந்துகொண்டு அடுத்து டர்போவைக் கெடுக்கும்.

9. அழித்த பிறகு காத்திருங்கள்

பழுது பார்த்த பின் கோட்களை அழிக்கலாம். அதோடு வண்டியின் சுயசோதனைகளும் பூஜ்யத்துக்குப் போய்விடும். அவை எல்லாம் முடிந்து தயார் என்று ஸ்கேனரில் வரக் குளிர் ஸ்டார்ட், நகர ஓட்டம், நெடுஞ்சாலை என்று பலவிதமாகச் சில நாட்கள் ஓட்ட வேண்டும். இது முடியாமல் புகைச் சோதனைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சான்றிதழ் தேதி நெருங்கிவிட்டதே என்று முந்தின நாள் இரவில் கோட்களை அழிப்பதால் பயனில்லை. நிரந்தரக் கோட்களைப் பேட்டரியைக் கழற்றினாலும் அழிக்க முடியாது. சோதனை தேறியது என்று வண்டியே முடிவு செய்தால்தான் போகும்.

சில வண்டிகளில் டெஃப் கோளாறுக்காக விழுந்த வேகக் கட்டுப்பாடும் உடனே நீங்காது. ஒரு நல்ல ஓட்டம் முடிந்த பிறகு பாருங்கள்.

10. ஒர்க்‌ஷாப் போக வேண்டியபோது

இஜிஆர் கூலர் கசிவு, டெஃப்பில் டீசல், கணினி மறுத்த ரீஜென், மெயின் ஒயரிங்குக்குள் கோளாறு. இந்த நான்கும் வீட்டு வேலை இல்லை. எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தாலோ, சிவப்பு விளக்கு வந்தாலோ வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள்.

போகும்போது ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: முதலில் வந்த கோட்கள், ஃப்ரீஸ் ஃப்ரேம், காலைச் சோதனை எண்கள், ரீஜெனுக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம், கடைசி ஆயில் வகை. இதைக் கையில் வைத்திருப்பவரிடம் பேச்சு வேறு மாதிரி இருக்கும். சோதனைக் கூலி தனி, பழுதுக் கூலி தனி என்று முன்பே பேசிவிடுங்கள். பாகம் மாற்ற வேண்டும் என்றால் எந்தச் சோதனையில், எந்த எண்ணை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் கோட் எண்ணாக மட்டும் இருந்தால் சம்மதம் சொல்லாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பத் தர வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் எழுத வையுங்கள். பழையதைக் கொடுத்தால் விலையில் கழிவு கிடைக்கும் பாகமாக இருந்தால், அதைப் படமெடுத்துக்கொண்டு கொடுத்துவிடலாம்.